ஏற்காட்டில் கல் பார்க்கும் நடை: தாராளமாகப் போகலாம்

போன ஞாயிறு காலையில் சேலத்தில் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் நடத்தும் இந்த மூன்று மணி நேர நடைக்குப் போய் வந்தேன். ஆளுக்கு 400 ரூபாய், டீயும் பன்னும் அதிலேயே அடக்கம்.

பகோடா பாயிண்ட் போகும் வழியில், உடைந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து சார் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் பழுப்பேறி சாதாரணமாக இருக்கிறது, உடைந்த பக்கமோ கருநீலமாக, எண்ணெய் தடவினது போல மினுங்குகிறது. சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை, அதனால்தான் இந்தப் பெயர். இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகாவிலும் இந்தக் கல் உண்டு, ஒரு காலத்தில் இவையெல்லாம் நம்மோடு ஒட்டிக் கிடந்த நிலம் என்று சொல்லிவிட்டு அப்படியே ஜெர்மன் விஞ்ஞானி வெகெனர் கதைக்குப் போனார்.

கொடுத்த காசு அந்த அரை மணி நேரத்துக்கே சரியாகிவிட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் ஆல்ஃபிரட் வெகெனர் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. மேதையை யாரும் மதிக்கவில்லை என்று சுலபமாக முடித்துவிடலாம், சார் அப்படி முடிக்கவில்லை. புதைபடிவங்களும் கடற்கரைகளும் பொருந்தத்தான் செய்தன, ஆனால் கண்டத்தைத் தள்ளுவதாக வெகெனர் சொன்ன விசை கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சமும் போதாது, சந்தேகப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்றார். வெகெனர் 1930இல் கிரீன்லாந்தில் இறந்துபோனார். கடலடிப் பாறையில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்திருக்கும் பட்டைகளுக்கு, புதுத் தரை உருவாகி இரண்டு பக்கமும் விலகுவதுதான் காரணம் என்று 1963இல் வைன், மேத்யூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கம் சொல்லி, அடுத்த சில வருடங்களில் நடுக்கடல் முகட்டுக்கு, அதாவது புதுத் தரை உருவாகும் கடலடி மலைத்தொடருக்கு, இரண்டு பக்கமும் அந்தப் பட்டைகள் அச்சாக ஒத்துப்போவது தெரிந்த பிறகுதான் காற்று திசை மாறியது.

கூட வந்த ஓர் அண்ணன், "அப்போ இன்னைக்கு ஒத்துக்காததை எல்லாம் நாளைக்கு ஒத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டார்.

"அப்படி இல்லைங்க. பூமியே ஊதிப் பெருசாகுது, அதனாலதான் கண்டம் பிரிஞ்சுதுன்னும் சில பேர் சொன்னாங்க. பழைய பாறையில பதிஞ்ச காந்தத்தை அளந்து பார்த்தா பூமியோட அளவு அப்படி ஒண்ணும் மாறலை. அது அத்தோட போச்சு."

குறை என்றால், கிளம்பவே முக்கால் மணி நேரம் தாமதம், அதனால் கடைசிப் பகுதியை ஓட்டமாக ஓட்டினார்கள். சரிவில் வழுக்குகிறது, முட்டி வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். எட்டாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்துவர முடியாது, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் சார் நகர விடுகிறார்.