வெள்ளிப் பையைக் கண்முன்னே கிழித்துக் காட்டிப் பழைய வட்டுகளை விற்றார்கள்: 1,38,000 ரூபாய் போயிற்று

பழுதுபார்த்த சர்வர் ஒன்று, "புத்தம் புதிய" நான்கு டெராபைட் வட்டுகள் (ஹார்ட் டிஸ்க்) நான்கு. இரண்டுக்கும் சேர்த்து 1,38,000 ரூபாய் கொடுத்தேன். அந்த நான்கு வட்டுகளும் வேறு எங்கோ நான்கு ஆண்டுகள் இரவுபகலாக ஓடித் தேய்ந்தவை என்பது நேற்று இரவுதான் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. வேறு யாரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக நிர்வாகம் பார்க்கிறேன். 14 பேர் ஒரே சர்வரில் கணக்கு எழுதுகிறார்கள். பழைய சர்வர் ஓய்ந்துபோனதால், எந்தக் கடையில் வாங்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பை ஆடிட்டர் ஐயா என்னிடம் விட்டார். கடையின் பெயரைச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட சர்வர்களை வாங்கிச் சீர்செய்து விற்கும் கடை என்றால் போதும். ஊருக்கு ஊர் இருக்கிறது.

நான் நம்பிய அந்தக் கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "சர்வர் பழையதுதான் அக்கா, மறைக்கவில்லை. வட்டு மட்டும் புதிது" என்றார் கடைக்காரர். பழையது என்று ஒன்றை ஒப்புக்கொண்டதாலேயே மற்றதையும் நம்பினேன். நிலைமின் காப்புக்கான அந்த வெள்ளிப் பையை என் முன்னாலேயே கிழித்து, வட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிறகு, தரவை நகலெடுக்கும் 'டிடி' கட்டளையால் ஒரு ஜிகாபைட் கோப்பை எழுதிக் காட்டினார். நொடிக்கு 1.9 ஜிகாபைட் என்று திரையில் வந்தது. "பார்த்தீர்களா வேகத்தை?" என்றார். பார்த்தேன். பணத்தைக் கட்டிவிட்டேன்.

இன்று அந்த எண்ணை நினைத்தால் வயிறு எரிகிறது. சுழலும் வட்டு ஒன்று நொடிக்குச் சுமார் 200, 250 மெகாபைட் எழுதினாலே பெரிது. நான்கையும் கூட்டினாலும் ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். 1.9 ஜிகாபைட் என்பது வட்டின் வேகமே இல்லை. எழுதுவதை, சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் முதலில் நினைவகத்தில் (ராம்) வாங்கி வைத்துக்கொண்டு, "முடிந்தது" என்று சொல்லிவிடும். வட்டுக்குப் போவது பிறகுதான். அந்தக் கட்டளையிலேயே நினைவகத்தைத் தவிர்த்து நேரே வட்டில் எழுதச் சொல்லும் வழி இருக்கிறது. சர்வர் விற்றுப் பிழைப்பவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. ஒரு பேரேட்டைத் திறக்க 40 நொடி. சேமித்தால் திரை உறைந்து நின்றது. கடைக்குப் போன் செய்தேன். நெட்வொர்க் கோளாறு என்று ஒரு பையனை அனுப்பினார்கள். கேபிளை மாற்றிவிட்டுப் போனான். மாற்றம் இல்லை. மறுபடி கேட்டதற்கு, உங்கள் கணக்கு மென்பொருள் பழையது என்றார்கள். மூன்றாவது முறை, நினைவகம் போதாது என்று 16 ஜிபி விற்றார்கள். அதற்கு 6,500 ரூபாய். அது போட்ட அன்று கொஞ்சம் வேகம் வந்ததுபோல் இருந்தது. ஒருமுறை படித்த கோப்புகள் நினைவகத்திலிருந்தே வந்ததால் வந்த வேகம் அது. வட்டின் நோய் அப்படியேதான் இருந்தது.

நான்காவது முறை கூப்பிட்டபோது "அக்கா" போய் "மேடம்" வந்தது. "நாங்கள் கொடுக்கும்போது நன்றாகத்தான் மேடம் இருந்தது, நீங்களே பார்த்தீர்களே" என்றார்.

நேற்று 19ஆம் தேதி. இன்று மாதாந்திர ஜிஎஸ்டி 3பி படிவத்துக்குக் கடைசி நாள். தவறினால் கட்சிக்காரருக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இரவு எட்டு மணிக்கு மொத்த அலுவலகமும் கைகட்டி நின்றது. பெங்களூரில் சர்வர் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனைப் போனில் பிடித்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

முதலில் 'டாப்', செயலி எதில் நேரத்தைக் கழிக்கிறது என்று காட்டும் கட்டளை. வட்டின் பதிலுக்காகச் செயலி சும்மா காத்திருக்கும் நேரம் 58 சதவீதம். "அக்கா, நெட்வொர்க் இல்லை, மென்பொருளும் இல்லை. வட்டுதான்" என்றான். அடுத்து 'ஐஓஸ்டாட்', ஒவ்வொரு வட்டும் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைக் காட்டுவது. மூன்று வட்டுகள் ஒரு வேண்டுகோளுக்கு 9, 10, 12 மில்லிநொடியில் பதில் சொல்லின. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டுக்கு அது இயல்பு. மூன்றாவதாக இருந்த வட்டு மட்டும் 1,140 மில்லிநொடி. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு நொடிக்கு மேல் திணறியிருக்கிறது. வட்டுகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒரே தரவைச் சோடியின் இரண்டிலும் எழுதும் ரெய்டு 10 அமைப்பு எங்களுடையது. எழுதுவதெல்லாம் சோடியின் இரண்டு வட்டிலும் முடிந்தாக வேண்டும். ஒன்று நொண்டினால் எல்லாம் நொண்டும்.

பிறகு 'ஸ்மார்ட்சிடிஎல்', வட்டு தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் பதிவைக் காட்டுவது. அந்த மூன்றாம் வட்டில் படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள் 216. ஓடிய நேரம் 981 மணி. எங்களிடம் வந்து 41 நாள், கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி விடவில்லை. சில வகை வட்டுகளில் தயாரிப்பாளர் உள்ளே வைத்திருக்கும் இன்னொரு பதிவேடு உண்டு, ஃபார்ம் என்று பெயர். அதைப் படிக்கச் சொன்னான். 34,612 மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்துப் பாருங்கள். மேல் கணக்கைச் சுழியமாக்கியவன் உள் கணக்கைத் தொடவில்லை. நான்கு வட்டிலும் இதே கதை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே மோசடி செய்தியாக வந்ததாம். வட்டின் இடத்தைக் கொண்டு ஈட்டும் மின்னணு நாணயமான சியாவுக்காக ஓட்டித் தேய்த்த வட்டுகள் புதிதாக விற்கப்பட்டிருக்கலாம் என்று அங்கே சந்தேகப்பட்டார்கள்.

வட்டைக் கழற்றி விளக்கின் கீழ் பிடித்தேன். திருகு துளைகளைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள். பலமுறை திருகு போட்டுக் கழற்றிய தடம். முதல் நாளே என் கையில் இருந்ததுதான்.

காலையில் நேரே கடைக்குப் போனேன். "மொத்த வியாபாரி கொடுத்தது மேடம், எங்களுக்கும் தெரியாது. ரசீதில் வட்டின் வரிசை எண் இருக்கிறதா?" என்றார். இல்லை. எஸ்டிமேட் சீட்டு ஒன்றுதான் கொடுத்திருந்தார், ஜிஎஸ்டி ரசீது அடுத்த வாரம் என்று சொல்லி. வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் ஏற்பது கடினம் என்கிறார் வக்கீல். 1,38,000 ரூபாயும் மேலே 6,500 ரூபாயும் என் சொல்லை நம்பி ஐயா கொடுத்த பணம். அவர் ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒவ்வொரு கட்டளையையும் விளக்கி எழுத நினைத்தேன். நேரமில்லை, இன்னும் 30 படிவங்கள் நிற்கின்றன. இப்போதைக்கு இவ்வளவு: வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று கடையிலேயே பாருங்கள். திருகு துளையைப் பாருங்கள். 'டிடி' வேகத்தைக் காட்டினால் நம்பாதீர்கள், வட்டின் வேகத்தைச் சோதிக்கும் 'எஃப்ஐஓ' கருவியைக் கொண்டு, நினைவகத்தைத் தவிர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சர்வர் மெதுவானால், எதையும் வாங்கும் முன் 'ஐஓஸ்டாட்' பாருங்கள்.

நான் வெளியே வரும்போது கடையில் இன்னொருவர் சர்வர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு வெள்ளிப் பையை எடுத்தார் கடைக்காரர்.