கம்போசரில் களஞ்சியப் பதிவு: மூன்று வழிகள்

வெள்ளவத்தையில் நான் பணிபுரியும் சிறிய அலுவலகத்தில், ரூபாய்த் தொகையை மும்மொழியிலும் எழுத்தாக்கும் பிஎச்பி பொதி (மீளப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பு) ஒன்று உண்டு; பற்றுச்சீட்டுப் பொதி அதனைச் சார்ந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பற்றுச்சீட்டுப் பொதியை மட்டும் தமது செயற்றிட்டத்தில் சேர்த்து நிறுவ முயன்றபோது, எழுத்தாக்கப் பொதி எங்குமே இல்லையென்று, பொதிகளை அவற்றின் சார்புகளோடு நிறுவித்தரும் கருவியான கம்போசர் கைவிரித்துவிட்டது. இத்தனைக்கும் அதன் கிட் முகவரி, அதாவது நிரலின் பதிப்புகள் சேமிக்கப்பட்ட களஞ்சியத்தின் முகவரி, பற்றுச்சீட்டுப் பொதியின் அமைப்புக் கோப்பான கம்போசர்.ஜேசனிலேயே இருந்தது.

களஞ்சிய முகவரிகளைக் கம்போசர் மூலச் செயற்றிட்டத்தின், அதாவது நாம் நிறுவல் கட்டளையை இயக்கும் செயற்றிட்டத்தின், கோப்பிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளும். சார்புப் பொதிகளுக்குள் எழுதியவற்றைப் பொருட்படுத்தாது. ஆகவே, ஒவ்வொரு கிட் முகவரியையும் கையால் எழுதும் முதல் வழியில், சார்பின் சார்புக்கும் நாமே முகவரி தேடித் தரவேண்டும். இரண்டு பொதிகளுக்கு இது போதும்; பத்தைத் தாண்டினால், கம்போசர் ஒவ்வொரு கிட் களஞ்சியத்தின் கிளைகளையும் பதிப்புக் குறிகளையும் தனித்தனியே வாசிப்பதற்குள் ஒரு பிளேன்ரீ ஆறிவிடும்.

இரண்டாவது வழி, பொதிகளின் பொதுப் பதிவகமான பேக்கஜிஸ்ட்; அதில் இந்தத் தொல்லை இல்லை. முகவரியை ஒருமுறை கொடுத்து, மாற்றத்தை உடனே அறிவிக்கும் வெப்ஹூக்கைக் கிட்ஹப்புடன் இணைத்துவிட்டால், புதிய பதிப்புக் குறி ஏற்றப்பட்டதும் அது தானாகவே பதிவாகிவிடும். கம்போசர் இயல்பாகவே அங்கு தேடுவதால் செயற்றிட்டத்தில் முகவரி எதுவும் தேவையில்லை. ஆனால் எல்லாம் பொதுவெளிக்கு வந்துவிடும். வாடிக்கையாளருக்கென எழுதிய நிரலுக்கு அது ஒத்துவராது.

எங்களுக்குப் பொருந்தியது மூன்றாவது வழி: சொந்தப் பொதிக் களஞ்சியம் அமைக்க உதவும் சேட்டிஸ் என்ற கருவி. பொதிகளின் கிட் முகவரிகளை ஒரே கோப்பில் எழுதிக் கொடுத்தால், அது நிலையான பொதிப்பட்டியலை உருவாக்கித் தருகிறது. செயற்றிட்டத்தில் அந்தப் பட்டியலின் முகவரி ஒன்றே போதும். விரும்பினால் பொதிகளின் சிப் கோப்புகளையும் அலுவலகச் சேவையகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். 2020இல் வெளியான இரண்டாம் கம்போசரில், முன்னுரிமையுள்ள களஞ்சியத்தில் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அடுத்ததில் தேடப்படுவதில்லை என்பதால், எங்கள் பொதியின் பெயரிலேயே வேறொருவர் பேக்கஜிஸ்ட்டில் எதையாவது ஏற்றினாலும் அது உள்ளே நுழையாது. இதற்காகவே சேட்டிஸை நான் தேர்ந்தெடுப்பேன்.

அதன் குறை, பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படாமையே. நாங்கள், குறித்த நேரங்களில் கட்டளைகளை இயக்கும் கிரான் மூலம் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மீளக் கட்டுகிறோம்; புதிய பதிப்பை ஏற்றிய தம்பி அந்தப் பத்து நிமிடத்திற்குள் மூன்று தடவையாவது வந்து, "அண்ணா, இன்னும் வரேல்லையே" என்கிறார்.