கழுத்தில் சொட்டா, வாயில் மாத்திரையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு, நாயின் காதுமடலில் உண்ணி பொறுக்குவது அன்றாட வேலை. குளிர்காலமே இல்லாத ஊர். உண்ணிக்கு வருடம் முழுக்கக் கொண்டாட்டம்தான்.

உண்ணியைக் கொல்லும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மாதம் ஒரு முறை, கழுத்துக்குப் பின்னால் ரோமத்தை விலக்கித் தோலில் விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும்போது, வாய்க்காலில் புரளும் நாயிடம் இது நடக்கிற காரியமா?

மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. அஃபோக்சோலனர் என்ற மருந்துள்ள மாத்திரை ஒரு மாதம் தாங்கும், ஃப்ளூரலனர் உள்ளது சுமார் 12 வாரம். விலை கூடுதல்தான். உண்ணி கடித்த பிறகுதான் சாகும் என்பதும் ஒரு குறை. வலிப்பு வந்த நாய் என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மற்றபடி, அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்க்கு நான் மாத்திரையைத்தான் சொல்வேன். வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்க்குச் சொட்டு போதும்.

எதைப் போட்டாலும் சுவர் வெடிப்புகளையும் பாருங்கள்; ஒரு பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அப்புறம், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.