சனிக்கிழமை கூத்து வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பதினொரு வருசமாகப் பிள்ளை பார்க்கிறேன். என் மகளை ஒரு வருசம் இந்த வகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பலாமா என்று கேட்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் டிவிசன் வாசிகசாலையில், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. சித்திரம், பாட்டு, நாடகம். காசு கிடையாது, பெயின்ட், தாள் எல்லாம் அங்கேயே தருகிறார்கள். ஹட்டனிலிருந்து ஒரு மாஸ்டரும் கண்டியிலிருந்து ஒரு டீச்சரும் வருகிறார்கள்.

தை முழுக்க எனக்குத் திருப்தி இல்லை. ஆப்பிள் மரப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள், பிள்ளைகளும் வரைந்தார்கள், அவ்வளவுதான். மாசி வளர்பிறையில் தோட்டத்தில் காமன் கூத்துக்கு, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் கூத்துக்கு, காமன் ஊன்றிய பிறகுதான் வகுப்புக்கு உயிர் வந்தது. "இதையே நாம படிச்சா என்ன?" என்று கேட்ட மாஸ்டர், அடுத்த கிழமை கீழ் லயத்து (வரிசை வீட்டு) தாத்தாவைத் தப்புப் பறையோடு வரச் சொன்னார்.

அவர் பேரன் ஏழாம் ஆண்டு. 'சாவு மேளம்' என்று கூப்பிட்டே பள்ளிக்கூடத்தில் அவனை ஒடுக்கி வைத்திருந்தார்கள். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருசம் என்று, 'மலையகம் 200' பேரில் ஊரெல்லாம் தப்படித்துப் பெருமைப்பட்டோம். தப்புத் தூக்குகிற வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. தாத்தாவைக் கண்டதும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தேத்தண்ணி கொண்டுபோன நான் கண்ணால் பார்த்தேன்.

பெரியவர் அவசரப்படவில்லை. பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். விரலால் சுண்டினார்; மந்தமாகக் கேட்டது. திரும்பவும் காய்ச்சினார். மூன்றாம் தடவை தோல் கணீரென்றது. "அந்தக் காலத்துல விடியக்கால வேலைப் பிரட்டுக்கு ஆளெழுப்பினதும் இதுதான், சாமி வந்ததும் இதுக்குத்தான்" என்று சொல்லிக் குச்சியை நீட்டினார். பேரன் அன்று எழுந்து வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தான். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அடி சொல்லிக் கொடுப்பதே அவன்தான்.

வகுப்புப் பிள்ளைகள் ஆடிய காமன் கூத்தில் என் மகளுக்கு, மன்மதனின் மனைவி ரதி வேசம். ரதியாக ஆம்பிளைகள் கட்டித்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். கோயில் கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். மாஸ்டர் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார். பள்ளிக்கூடத்தில் டாப்புப் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை என் மகள். மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் இடத்தில், அவள் குரல் கடைசி வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூடக் கழற்றாமல் மலையிலிருந்து ஓடிவந்த பொம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

குறையும் உண்டு. வைகாசி மழை தொடங்கினால் தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் கேட்காது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் டியூசனும் அதே நேரத்தில்தான்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. வகுப்பு நடத்தக் காசு தருகிற இடத்திலிருந்து வந்தவர்கள் கூத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளைகளை லயத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வேசத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். "அப்பா குடிப்பாரா?" என்று என் மகளிடம் கேட்டார்கள். இரண்டு மாதம் பழகியதைக் காட்டத்தான் அவள் நின்றாள், வீட்டுக் கஷ்டத்தைக் காட்ட அல்ல. மாஸ்டரிடம் நேரே சொன்னேன். இப்போது தாய் தகப்பனைக் கேட்காமல் யாரும் படம் எடுக்க முடியாது. வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அனுப்புங்கள். தை மாதம் புதிதாகச் சேர்க்கிறார்கள். பழைய உடுப்பாகப் போட்டுவிடுங்கள், பெயின்ட் கறை எந்த சவுக்காரத்துக்கும் போகாது.