டிக்கித் தரைக்கு எந்தப் பலகை? பழைய காருக்கு ஏற்ற மரங்கள், ஓர் ஒப்பீடு

பழைய காரின் டிக்கியில் விரித்திருக்கும் கார்பெட்டைச் சுருட்டி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பலகையின் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கினால் அந்தப் பலகையின் ஆயுள் முடிந்துவிட்டது. நடுப்பகுதி இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும். அதை நம்பிவிட வேண்டாம். நான் கழற்றிய பலகைகள் எல்லாமே ஓரத்திலும் திருகாணித் துளையிலும்தான் முதலில் கெட்டிருந்தன. கடைசியாகக் கழற்றிய பலகையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருநீல வளையம். இரும்பும் ஈரமும் மரச்சாறும் சேர்ந்து போட்ட கறை அது. விளிம்பில், பலகையாக ஒட்டப்பட்டிருந்த மெல்லிய மர ஏடுகள் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகம் போல விரிந்து நின்றன.

அதனால் எந்த மரத்தில் புதுப் பலகை செய்யலாம் என்று யாராவது கேட்டால், அதன் ஓரம் தண்ணீரை எப்படித் தாங்கும் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

இந்தச் சோதனையில், மர நார்களைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை உடனே தோற்றுவிடுகிறது. அறுப்பதற்கு வெண்ணெய் போல இருக்கும், முகம் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் டிக்கியின் ரப்பர் வழியாக ஒருமுறை ஒழுகிய நீர் ஓரத்தில் தேங்கினாலே உப்பிவிடும்; காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. எடையும் அதிகம், கன மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோ. இதை வைத்து மேலே பேச ஒன்றும் இல்லை.

ஹார்டுபோர்டை அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. 1924-இல் அமெரிக்காவில் வில்லியம் மேசன் மரச்சிம்புகளை நீராவியில் பிரித்து அழுத்திப் பலகையாக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, பல கார்களின் உட்பகுதிகளில் அது இடம்பிடித்தது. உங்கள் காரில் தொழிற்சாலையிலிருந்தே ஹார்டுபோர்டு வந்திருந்தால், பக்கச் சுவர் மறைப்புகளுக்கு அதையே மீண்டும் போடலாம். தரைக்கு வேண்டாம். பாரம் ஏறினால் தொய்ந்துபோகும், தொய்ந்த இடத்தில் நீர் தங்கும். ஆனால் 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். அளவெடுக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது; அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

திட மரம் என்றதும் பலருக்கும் மனம் இளகும். எனக்கும்தான். தேக்கோ ஆஷ் மரமோ இழைப்புளியில் சுருள் சுருளாக உரிந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு ஒட்டுப்பலகை (பிளைவுட்) மேல் ஆசை வராது. சிக்கல் என்னவென்றால், மரம் ஓய்வதில்லை. ஆஷ் பலகையின் ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால், 300 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்கும். மழையில் திரும்ப விரியும். டிக்கியின் உலோக விளிம்புக்குள் இறுக்கமாகப் பொருத்திய அகலப் பலகை ஈரக் காலத்தில் எழவும் மாட்டாது, படியவும் மாட்டாது. வெயில் காலத்தில் கடகடவென்று ஆடும். ஆகவே திட மரம் என்றால் குறுகிய பட்டைகள்தான். பட்டைக்குப் பட்டை இடைவெளி விட்டு, திருகாணித் துளையை நீள்வட்டமாக வெட்டி, மரம் நகர வழி விட வேண்டும். உலோகப் பட்டியும் மரப் பட்டையும் மாறி மாறி ஓடும் தரை கொண்ட பழைய வேகன் வகைக் கார்களுக்கு இதுதான் சரி. அங்கே ஒட்டுப்பலகையைப் போட்டு மறைப்பது அந்தக் காருக்குச் செய்யும் துரோகம். ஓக் மரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓர் எச்சரிக்கை: அதன் அமிலம் ஈரத்தில் இரும்பை அரிக்கும். சாதாரண இரும்புத் திருகாணியை அதில் இறக்காதீர்கள்.

மற்ற பெரும்பாலான கார்களுக்கு ஏற்றது ஒட்டுப்பலகைதான். 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் ரோட்ஸ்டரின் டிக்கித் தரையே ஒட்டுப்பலகை. ஸ்டெப்னியும் பெட்ரோல் டேங்கும் அதன் அடியில் கிடக்கும். ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்து நிறுத்தும். அதனால் அளவு பெரிதாக மாறாது.

இங்கேதான் உண்மையான போட்டி: பிர்ச் ஒட்டுப்பலகையா, கப்பல் தர ஒகூமே ஒட்டுப்பலகையா?

பிர்ச்சின் அழகு அதன் விளிம்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஏடும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. 12 மில்லிமீட்டர் பலகையில் 9 ஏடுகள், 9 மில்லிமீட்டரில் 7. திருகாணியை இறுக்கமாகப் பிடிக்கும், விறைப்பு அதிகம். ஒகூமே ஆப்பிரிக்க மரம், இலேசானது, இளஞ்சிவப்பு நிறம், உளிக்கு எளிதில் வளைந்து கொடுக்கும். பிர்ச் பலகை கன மீட்டருக்கு ஏறத்தாழ 680 கிலோ, ஒகூமே 500 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் 9 மில்லிமீட்டர் பிர்ச்சும் 12 மில்லிமீட்டர் ஒகூமேயும் இரண்டுமே ஏறத்தாழ 6 கிலோதான். எனவே எடையை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பலகை அமரும் படியின் ஆழம்தான் முடிவு செய்ய வேண்டும். படி ஆழமாக இருந்தால் ஒகூமே. தடிமனுக்கு இடமில்லாத இடத்தில் பிர்ச். ஒரே மரத்தில் 9-லிருந்து 12-க்குப் போனால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே 3 மில்லிமீட்டர் தானே என்று விட்டுவிட முடியாது.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற முத்திரையைக் கண்டு நிம்மதியடைய வேண்டாம். அந்த முத்திரை பசையைப் பற்றிப் பேசுகிறது, மரத்தைப் பற்றி அல்ல. ஃபீனாலிக் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் பிர்ச் மரம் ஐரோப்பிய ஆயுள் வகைப்பாட்டில் கடைசிப் படியில், ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. ஒகூமே அதற்கு ஒரே ஒரு படி மேலே. தேக்கு முதல் வகுப்பு. அதாவது பசை பிழைத்திருக்க, மரம் மட்டும் உளுத்துப் போகலாம்.

பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரநிலை போன்ற கப்பல் தரத்துக்கு நான் பணம் கொடுப்பதற்கு முக்கியக் காரணம் வேறு: உள் ஏடுகளில் பொந்து இருக்கக் கூடாது என்பதில் அந்தத் தரம் கண்டிப்பானது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை நல்ல முத்திரை போட்ட சாதாரணப் பலகை ஒன்றை வாங்கி அறுத்தேன். ஓரிடத்தில் ஜிக்சாவின் சத்தம் சட்டென்று உள்ளீடற்ற ஒலியாக மாறியது. கவனிக்காமல் மேலே போய்விட்டேன். இரண்டே மழைக்காலத்தில் அந்த இடம் கொப்புளம் போல மேலெழுந்தது. பிரித்துப் பார்த்தபோது உள் ஏட்டில் விரல் நுழையும் அளவுக்குப் பொந்து, அதற்குள் கறுத்த ஈரத் தூள். இப்போது வாங்கும் எந்தப் பலகையிலும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, காய வைத்து, உளி முனையால் ஏடுகளைப் பிரிக்கப் பார்க்கிறேன். பசையில் பிரிந்தால் பலகை வேண்டாம். மரமே கிழிந்தால் பசை நல்லது.

மருந்தேற்றிய பலகை போட்டால் உளுக்காதே என்று சிலர் சொல்வார்கள். செம்பு கலந்த மருந்து ஈரத்தில் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். காரின் உடலோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அது கூடாது.

பலகை எதுவானாலும், பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு அறுக்காதீர்கள். அது உப்பியிருக்கும், வளைந்திருக்கும். ஹார்டுபோர்டை டிக்கிக்குள் வைத்து, கவராயத்தால் உலோக விளிம்பின் வளைவை அப்படியே அதன் மேல் இழுங்கள். கையால் தட்டிச் செய்த உடல் கொண்ட கார்களில் இடமும் வலமும் ஒன்றாக இருப்பது அரிது, ஆகவே ஒரு பக்கத்து அச்சைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது. கார்பெட் ஓரத்தில் மடிந்து வருமானால் அதன் கனத்தை இரு பக்கமும் கழியுங்கள்: 5 மில்லிமீட்டர் கார்பெட் என்றால் 10, அதற்கு மேல் பலகை எளிதாக எழ இன்னும் 3.

பூச்சில் மூன்று வழிகள். ஆளி விதை எண்ணெய் பார்க்க அழகு, பழமைக்குப் பொருத்தம். ஆனால் கார்பெட்டுக்கு அடியில், காற்றில்லாத இடத்தில், பூஞ்சைக்கு அது விருந்து. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானே தீப்பற்றக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. வார்னிஷ் நல்லது, கண்ணுக்குத் தெரியும் திட மரப் பட்டைகளுக்கு அதுவே போதும். ஆண்டுகள் கழித்துச் சுரண்டிவிட்டு மீண்டும் பூசலாம். மறைந்து கிடக்கும் ஒட்டுப்பலகைக்கு, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினான எபாக்ஸியை மிஞ்ச ஒன்றுமில்லை. வெயில் பட்டால் அது மஞ்சளிக்கும், ஆனால் கார்பெட்டுக்கு அடியில் வெயில் ஏது?

எபாக்ஸியில் ஒரு நுணுக்கம் உண்டு. பலகையின் விளிம்பை வெப்பக் காற்றுக் கருவியால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஏற்றி, சூட்டை நிறுத்திய பிறகு பூசுங்கள். மரம் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, எபாக்ஸியை உறிஞ்சிக்கொள்ளும். பூசிய விளிம்பு பளபளப்பாக இருந்து, கண் முன்னாலேயே மங்கி வறண்டு போவதைப் பார்க்கலாம். அது வறளாமல் நிற்கும் வரை மீண்டும் மீண்டும் பூச வேண்டும். எனக்கு வழக்கமாக மூன்று முறை ஆகிறது. திருகாணித் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். திருகாணி மரத்தைத் தொடாது, கருநீல வளையமும் வராது.

பலகையைத் தூக்க விரல் நுழைக்கும் துளை இருக்கிறதே, அதன் உள்வட்டமும் ஓரம்தான். நுனித்தூரிகையால் அதைப் பூசி முடித்த பிறகுதான் நான் கார்பெட்டை வெட்ட எடுக்கிறேன்.