சுங்கை சிப்புட்டில் பழைய படங்களைச் சுத்தம் செய்யும் போட்டோ கடை: கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். பழைய படத்தில் விழுந்த முத்திரை, மூலையில் அச்சான ஆரஞ்சு தேதி, பூஞ்சை, கீறல் இதையெல்லாம் எடுத்துத் தர ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அலைய வேண்டியதில்லை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டிலேயே ஓர் அண்ணன் அருமையாகச் செய்கிறார். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், ஒற்றை ஆளாக நடத்துகிறார், இருக்கிற வேலையே கைக்கு மேல். ரயில் நிலையம் போகிற பக்கம் பழைய கடைவரிசையில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற தமிழர் கடை எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், கண்ணாடிப் பெட்டியில் பிரேம்கள், பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் பெரிய ஸ்கேனரும், அவ்வளவுதான்.

நான் கொண்டுபோனதில் முக்கியமானது எங்கள் பாட்டியின் படம், அப்பாவைப் பெற்றவர். எல்பில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஸ்டூடியோ வாசலை மிதித்ததே கிடையாது. அவருக்கென்று இருக்கிற ஒரே படம் அடையாள அட்டையில் ஒட்டிய கட்டைவிரல் அகலப் படம். எங்கள் ஊர்ப்பக்கம் இது பல வீட்டுக் கதை. 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் வெள்ளைக்கார துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் வந்து, அந்த ஆண்டே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதிவு செய்து படம் ஒட்டிய அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்கு கேமரா முன்னால் உட்கார்ந்த முதல் தடவையே அதுதான். இப்போது சாமி அறையில் மாட்ட பெரிய படம் வேண்டுமென்றால் அந்த அட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் பாட்டி படத்தில் ஊதா மை முத்திரை தோளில் தொடங்கி தாடை வரைக்கும் வளைந்து ஏறியிருக்கிறது, மேல் பாதி மஞ்சள் பூத்துவிட்டது, அதற்கு மேல் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அக்கா மகன் போனில் ஓர் இலவச ஆப் வைத்திருந்தான், அதில் போட்டுப் பார்த்தான். கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்துவிட்டது, பளிச்சென்று, முத்திரை இல்லை, கறை இல்லை. அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்றார். மூக்கு கூர்மையாகிவிட்டது. மூக்குத்தி கரைந்து மூக்கோடு சேர்ந்துவிட்டது. பாட்டியின் தாடையில் பச்சை குத்திய மூன்று புள்ளிகளும் நெற்றியில் ஒரு கோடும் உண்டு, அத்தனையும் போய்விட்டது, ஏனென்றால் அந்த ஆப்புக்கு அதுவும் அழுக்குதான். இந்த வகை ஏஐ மென்பொருள் லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது, மங்கலாக இருக்கிற இடத்தில் எப்படிப்பட்ட முகம் இருந்தால் பொருந்தும் என்று ஊகித்து வரைந்துவிடும். வெறும் சுவரையோ வானத்தையோ அப்படி வரைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. செத்துப்போனவர் முகத்தை வரைந்தால் வேறு யாரையோ கும்பிட வேண்டி வரும்.

அண்ணன் கடையில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து, "தங்கச்சி, தாடையில இருக்கிறது கறையா, பச்சையா? தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுச் சொல்லுங்க, நான் தொடுறதுக்கு முன்னாடி" என்றார். அங்கிருந்தே கோலகங்சாரில் இருக்கிற அத்தைக்கு போன் போட்டேன். அத்தை அழுதுகொண்டே சொன்னார், மூன்று புள்ளி, நடுப்புள்ளி கொஞ்சம் கீழே. அண்ணன் படத்தைப் பெரிதாக ஒரு தாளில் அச்சடித்து, வைத்திருக்க வேண்டிய புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, மற்றதைக் குறுக்கே கோடு போட்டு, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். இதற்காகவே இந்தக் கடைக்கு நான் முழு மார்க் போடுவேன்.

அடுத்து முத்திரையை எடுத்த விதம். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று பல கடைகளில் கறுப்பு வெள்ளையாகவே ஸ்கேன் செய்துவிடுவார்கள், அங்கேயே பாதி வேலை கெட்டுவிடும். இவர் கலரில் செய்கிறார், 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி. கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் தனித்தனியாக இருக்கும். ஊதா மை நீல ஒளியை நிறையத் திருப்பி அனுப்புவதால் நீல சேனலை மட்டும் திறந்தால் முத்திரை வெளிறிப்போய் அடியில் இருக்கிற தாடை தெரிகிறது, பச்சை சேனலில் அதே முத்திரை கன்னங்கரேல் என்று நிற்கிறது. திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார், எனக்கு நம்பவே முடியவில்லை, அத்தனை வருடமும் பாட்டியின் தாடை அந்த மைக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது. ஆனால் மஞ்சள் பூத்த இடம் இதற்கு நேரெதிர், நீலத்தில்தான் மோசமாகக் கறுக்கும், சிவப்பு சேனலில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஆகவே முத்திரை விழுந்த பகுதிக்கு நீலம், மஞ்சளான பகுதிக்குச் சிவப்பு என்று துண்டு துண்டாகப் பொருத்தி, இரண்டும் சேர்ந்து விழுந்த இடத்தை மட்டும் கையால் சரிசெய்தார். அதற்கு அவர் பயன்படுத்துவது போட்டோஷாப்பில் 2002இல் வந்த ஹீலிங் பிரஷ், பக்கத்து இடத்தின் சொரசொரப்பை எடுத்து, சரிசெய்கிற இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி ஒட்டும். பகுதியைத் தேர்ந்தெடுத்தால் தானாகவே நிரப்பிவிடுகிற வசதி 2010இலேயே வந்துவிட்டது, அதைப் பின்னணிக்கு மட்டும்தான் தொடுவேன், முகத்துக்குக் கொண்டுபோக மாட்டேன் என்கிறார். கண்ணில் மட்டும் ஒரு பூஞ்சைப் புள்ளி லேசாகத் தெரிகிறது, அதை எடுத்தால் பார்வை மாறிவிடும் என்று விட்டுவிட்டார். விட்டது சரிதான்.

அப்பா அம்மா கல்யாணப் படம் வேறு மாதிரித் தொல்லை. சில்க் பேப்பர் என்று ஒரு காலத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் போட்டுக் கொடுப்பார்கள், தொட்டால் சின்னச் சின்ன மேடுபள்ளமாக இருக்கும், கையில் பிடித்துப் பார்க்க அழகு. ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்கேனர் வெளிச்சம் பட்டு, முகம் முழுக்கத் தேன்கூடு மாதிரி வலை விழுந்துவிடும், அம்மா பட்டுப்புடவைச் சரிகையும் அந்த வலையும் ஒன்றோடொன்று கலந்து கண்ணே கூசும். பிரஷ் வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். அண்ணன் படத்தை ஒரு தடவை நேராகவும், 180 பாகை திருப்பி வைத்து இன்னொரு தடவையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி சராசரி எடுத்தார், வெளிச்சம் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படுவதால் நிழலில் பாதி அதிலேயே அடங்கிவிடுகிறது. மிச்சத்துக்கு ஃபூரியே கணக்கு. வெப்பம் பரவுவதைக் கணக்குப் போடுவதற்காகப் பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே 200 வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்த முறை அது. படத்தைத் திரும்பத் திரும்ப வருகிற அலைகளாகப் பிரித்துக் காட்டும். முகமும் புடவையும் ஒழுங்கில்லாதவை என்பதால் நடுவில் புகைமூட்டமாகத் தெரியும், காகிதத்தின் வலை ஒரே இடைவெளியில் வருவது என்பதால் சுற்றிலும் ஆறு வெள்ளைப் பொட்டுகளாகத் தனியே நிற்கும். அந்தப் பொட்டுகளைக் கறுப்பு பூசி அழித்துவிட்டுத் திரும்பப் படமாக மாற்றினால் வலை மட்டும் போய்விடுகிறது, அம்மா கன்னத்து மரு இருக்கிறது, அப்பா சட்டைப் பொத்தான் இருக்கிறது, சரிகைக்கோடு ஒன்றுகூட மங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. இந்த வேலைக்கு இலவச ஜிம்ப் மென்பொருளில் ஒரு பிளகின் (கூடுதல் கருவி) போட்டுக்கொண்டு செய்கிறார், வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் நீங்களும் முயலலாம்.

தொண்ணூறுகளில் எடுத்த கலர் படங்களின் ஆரஞ்சு தேதி பெரிய விஷயமில்லை. நெகட்டிவ் இருக்கிறதே, அதிலிருந்து மறுபடி போட்டால் தேதி இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலான கேமராக்களில் அந்தத் தேதியை பிலிமிலேயே ஒளியால் பதித்துவிடும், நெகட்டிவிலும் இருக்கும். புல் மேலேயோ சிமெண்டுத் தரையிலோ விழுந்திருந்தால் சுலபம், புடவைக் கரையில் விழுந்தால் கொஞ்சம் பாடு. அழிப்பதற்கு முன் தேதியை பைலின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுகிறார், நல்ல பழக்கம்.

சரி, அவர் மறுத்த வேலை. போன வருடம் கோவில் தீமிதியில் தம்பி பூக்குழி இறங்கியபோது வெளியூர் போட்டோகிராபர் ஒருவர் எடுத்த படம் பேஸ்புக்கில் இருந்தது, நடுவில் அவர் பெயர் வாட்டர்மார்க்காகக் குறுக்கே ஓடுகிறது. அதையும் எடுத்துக் கொடுங்கள் என்று தம்பி கேட்டான். அண்ணன் முடியாது என்று சொல்லிவிட்டார், கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் முடிவாகச் சொன்னார். தெரியாமல் மறுக்கவில்லை. பாதி தெரிகிற வாட்டர்மார்க் என்பது கீழே இருக்கிற படமும் மேலே இருக்கிற எழுத்தும் ஒரு விகிதத்தில் கலந்ததுதான், விகிதம் தெரிந்தால் கழித்துவிடலாம். ஒரே வாட்டர்மார்க்கை ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான படங்களில் போட்டிருந்தால் கம்ப்யூட்டரே அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும் என்று 2017இல் கூகுள் ஆராய்ச்சியாளர்களே செய்து காட்டினார்கள், ஒவ்வொரு படத்திலும் எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கிப் போட்டால் அது தடுமாறும் என்றும் அவர்களே வழி சொன்னார்கள். ஆக, செய்ய முடியும். "அந்த ஆளு நெருப்புப் பக்கத்துல நின்னு எடுத்திருக்காரு தம்பி, அவரைக் கேளு" என்றார் அண்ணன். சட்டமும் அந்தப் பக்கம்தான். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை நமக்கு வரும். இது நாம் எடுக்கச் சொன்ன படம் இல்லை. தம்பி அந்தப் போட்டோகிராபருக்கு மெசேஜ் அனுப்பினான், 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாட்டர்மார்க் இல்லாத அசல் பைலையே கொடுத்துவிட்டார். பேஸ்புக்கில் இருந்தது சுருங்கி நசுங்கிய படம், வாட்டர்மார்க்கை எடுத்திருந்தாலும் பெரிதாக அச்சடிக்க லாயக்கில்லை. அசலில் தம்பி காலடியில் பறக்கிற தணல்கூடத் தெளிவாக இருக்கிறது. நம் ஊர் விசேஷங்களை எடுத்துப் பிழைக்கிற பையன்கள் பலர் இருக்கிறார்கள், ஆப்பில் தேய்த்துத் தேய்த்து அவர்கள் பெயரை அழிப்பவர்கள் தயவுசெய்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

குறைகள் உண்டு. ரொம்ப மெதுவு. சொன்ன தேதிக்குக் கிடைக்காது, நாலு தடவை போன் போட வேண்டும், போனையும் எடுக்க மாட்டார், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால்தான் பதில் வரும். படத்துக்குக் கீழே போடுகிற தமிழ் எழுத்துகளில் கவனம் போதாது, எங்களுக்கு முதலில் அச்சடித்ததில் "தோற்றம்" என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, திருத்தி மறுபடி அச்சடித்துக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. அச்சுக்கு முன் எழுத்தை நீங்களே படித்துப் பாருங்கள். பளபளப்புத் தாள்தான் முதலில் எடுப்பார், சாமி அறையில் விளக்கு வெளிச்சம் பட்டு முகமே தெரியாது, மேட் தாள் என்று கேட்டு வாங்குங்கள். ரொக்கம் மட்டும்.

எங்களுக்கு ஆனது: பாட்டி படம் 80 வெள்ளி, கல்யாணப் படம் 50, தேதி அழிக்கப் படத்துக்கு 5, பிரேம் தனி. ஈப்போவில் ஒரு கடையில் பாட்டி படத்துக்கு இதைவிடக் குறைவாகச் சொன்னார்கள், என்ன செய்வீர்கள் என்று கேட்டால் ஆப்பில்தான் போடுவோம் என்றார்கள்.

கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். லேமினேட் செய்த அட்டையை வீட்டில் பிரிக்காதீர்கள், படத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், அப்படியே கொடுங்கள். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, படத்தின் மேல் இருக்கிற ஜெலட்டினைப் பூஞ்சை தின்ற இடம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், முகமே போய்விடும். ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், தரம் குறையாத டிஃப் பைலும் பென்டிரைவில் கேளுங்கள், கேட்டால் கொடுக்கிறார், சுத்தம் செய்யாத ஸ்கேனையும் சேர்த்துக் கேளுங்கள், பின்னால் யாராவது இதைவிட நன்றாகச் செய்யக்கூடும். தீபாவளி நெருங்கினால் கடை முழுக்கக் குடும்பப் படம் எடுக்கிற கூட்டம், அந்த மாதம் இந்த வேலையைக் கையில் எடுக்கவே மாட்டார், பொங்கலுக்குப் பிறகு போங்கள், காலை பத்து மணிக்கு மேல்தான் ஷட்டர் திறக்கும்.