உள்ளங்கைத் தராசும் ஒரு கோப்பைத் தண்ணீரும்: நினைவு நாணயம் வெள்ளியா என்று பார்க்க

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் உள்ளங்கை அளவுத் தராசு ஒன்று கிடைக்கிறது. 200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும். நகை நிறுக்கத்தான் பலர் வாங்குகிறார்கள். நான் வாங்கியது நினைவு நாணயங்களுக்காக. அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஏன் தராசு? நினைவு நாணயத்தைக் கண்ணால் பார்த்து உலோகம் சொல்ல முடியாது. 1981இல் சார்ள்ஸ் - டயானா திருமணத்துக்குப் பிரித்தானியாவில் வெளியிட்ட கிரவுன் என்ற பெரிய நினைவுக் குத்தி (நாணயம்) கொழும்பில் பல வீடுகளில் இருக்கிறது. செப்பு - நிக்கலில் ஒன்று, 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) இன்னொன்று என்று இரண்டு வகை. இரண்டும் 28.28 கிராம், இரண்டும் 38.61 மில்லிமீற்றர். உலோகம் எதுவென்று குத்தியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆகவே சும்மா நிறுத்துப் பார்த்தாலும் பதில் வராது. காந்தமும் இங்கே கைகொடுக்காது, இரண்டிலுமே ஒட்டாது. உருக்குக் குத்திகளைக் கழித்துவிட மட்டும் காந்தம் போதும். 2005 என்று பொறித்த எங்கள் மஞ்சள் ஐந்து ரூபாயில் வைத்துப் பாருங்கள், பித்தளைப் பூச்சுக்குள் உருக்கு இருப்பது உடனே தெரியும்.

கிரவுனுக்கு அடர்த்திதான் வழி. முதலில் குத்தியைச் சாதாரணமாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, திரையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு பென்சிலை வைத்து, மெல்லிய நைலோன் நூலில் குத்தியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். குத்தி முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், ஆனால் அடியையோ சுவரையோ தொடக்கூடாது. இப்போது திரையில் வருவது குத்தி விலக்கிய தண்ணீரின் நிறை; ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்ரிமீற்றர் என்பதால் அந்த எண்ணே குத்தியின் கன அளவு. முதல் நிறையை இதால் வகுத்தால் அடர்த்தி.

பக்கத்து வீட்டு மாமியிடம் இருந்த 1981 கிரவுனை அவர் முன்னாலேயே பார்த்தேன். 28.26 கிராம், தண்ணீரில் 3.17. வகுத்தால் 8.9, செப்பு - நிக்கல். எங்கள் வீட்டில் இருக்கும் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாயை அடுத்ததாகத் தொங்கவிட்டேன். 28.21 கிராம், 2.73. அடர்த்தி 10.3. 925 வெள்ளிக்கு வரவேண்டியது அதுதான். அதே ஆண்டின் ஒரு ரூபாய் நினைவுக் குத்தி செப்பு - நிக்கல். மாமியின் கிரவுனை வெள்ளி என்று யாரோ விலை பேசியிருந்தார்கள். "சரி தம்பி, விற்காமலே வைச்சிருக்கிறன்" என்றார்.

தங்கப் பூச்சுக்கும் இதே முறை நல்லது. பூச்சு மிக மெல்லியது என்பதால் அடர்த்தி உள்ளே இருக்கும் உலோகத்தையே காட்டும். செட்டியார் தெரு நகைக் கடைகளில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். தடித்த பூச்சு அதையும் ஏமாற்றிவிடும். பெரிய விலைக்கு வாங்குகிறவர்கள் இரண்டையும் செய்து பார்ப்பதே பாதுகாப்பு.

தராசின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும், பூச்சியம் வைத்ததும் போய்விடும். நூல் கட்டி முடித்த பிறகுதான் தராசைப் போட வேண்டும். மின்விசிறி சுழன்றால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். சரிபார்க்கத் தேவையான 100 கிராம் படிக்கல் பெட்டியில் வராது, தனியே வாங்க வேண்டும். குத்தியில் ஒட்டும் காற்றுக் குமிழிகள் தராசின் குற்றமல்ல, ஆனால் வெள்ளியையும் மட்டமாகக் காட்டிவிடும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது.

மெருகு வேறு விடயம், அதைத் தராசு சொல்லாது. புரூஃப் என்றால் வெள்ளி என்று பலர் நம்புகிறார்கள். அது உலோகத்தின் பெயரல்ல, அச்சடிக்கும் முறை. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய தகடு, ஒரு தடவைக்கு மேல் அடிப்பு. குத்தியைச் சாய்த்துப் பிடித்தால் பின்புலம் கண்ணாடிபோல் கறுத்துத் தெரியும், உருவம் மட்டும் பனி படிந்த வெண்மையாய் நிற்கும். 1977 பிரித்தானிய புரூஃப் தொகுதியில் வந்த கிரவுன்கூடச் செப்பு - நிக்கல்தான்.

தயவுசெய்து உறையில் இருக்கும் புரூஃப் குத்தியை இந்தச் சோதனைக்காக வெளியே எடுக்காதீர்கள். தண்ணீர்ப் பொட்டு ஒன்று விழுந்தாலே அந்தக் கண்ணாடிப் பரப்பு கெட்டுவிடும், பிறகு திருத்த வழியில்லை. திறந்து கிடக்கும் குத்திக்கு மட்டும் செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் நல்லது. காயவைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் 0.01 என்று இருக்கிறதா பாருங்கள். அதே தோற்றத்தில் 0.1 காட்டுவதும் விற்கிறார்கள், சிறிய குத்திகளுக்கு அது உதவாது. கடையிலேயே ஒரு குத்தியைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து நிறுத்துப் பாருங்கள். எண் மாறினால் வேறொன்று தரச் சொல்லிக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.